துட்டி வீட்டில் வக்கீல் சொன்ன வார்த்தை

1

தாய்மொழியின் விலை மாதம் பதினைந்து ரூபாய். காலைக் காப்பி தனி. நாற்பத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் நிலவரம் அதுதான். அதற்கு மேல் கேட்டவர்கள் இருக்கலாம். கொடுத்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததும் ஒரு பேரத்தின் நடுவில்தான். நான் வளர்ந்தது மண்டிச் சாக்குகளுக்கு நடுவில். எங்கள் ஆட்கள் ஒரு சரக்கைக் கண்டால் முதலில் முகர்வார்கள், பிறகு முகத்தைச் சுளிப்பார்கள், அதற்கப்புறம்தான் விலை கேட்பார்கள். மல்லி வாங்கப் போன இடத்தில் ஒரு கிழட்டுத் தரகர், “மல்லி படியலேன்னா போட்டும். வக்கீலுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த கணக்குப்பிள்ளை கதை ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிடுதியளா?” என்றார். சிரிப்புக் கதை என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார். பாதி வரை சிரிப்பாகவும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் சாக்கின் அடியில் ஈரம்.

திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு. ஆகவே எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“உமிக்கிடங்குச் சந்தின் கிணற்றுத் தண்ணீர் மாசி பிறப்பதற்கு முன்பே மஞ்சளாகி...”

(நிறுத்திவிட்டேன். கிணற்றில் தொடங்கினால் வாசகர் மூன்றாவது வரியில் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுவார். அடிச் சரக்கை மேலே போட்டுக் காட்டுகிற வியாபாரி உண்டா?)

அடுத்து இப்படி:

“குடியாட்சி என்பது தலைகளை எண்ணுகிற ஆட்சி. எண்ணிக்கையில் குறைந்தவர்களின் தலைகள் அங்கே எதற்காக...”

(இது கட்டுரை. கடைத்தெருவில் இதை விற்றால் பொட்டலம் மடிக்கத்தான் வாங்குவார்கள்.)

கடைசியில், வேறு வழியில்லாமல், ஒரு மனிதரில் தொடங்குகிறேன்.

கோமதிநாயகம், பிச்சையா முதலாளியின் வற்றல் மண்டியில் கணக்குப்பிள்ளை. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷம். மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் பேசினால் அதிலும் கொஞ்சம் மிளகாய் நெடி அடிக்கும் என்று மலையாளத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்த வருஷம்தான் சொத்து இருக்கிறவன், வரி கட்டுகிறவன் என்று மேலேயே நின்றிருந்த ஓட்டு, மூட்டை தூக்குகிறவன் வரைக்கும் இறங்கி வந்தது. சாலையில் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது கொஞ்சத்துக்குத்தான் மவுசு.

வக்கீல் வேலப்பன் ஒரு கட்சியின் வேட்பாளர்.* ஒரு காலையில் மண்டிக்கு வந்து, பிச்சையா முதலாளி துண்டால் தட்டிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதலாளி, உங்கள் ஆள்களுடைய ஓட்டு எனிக்கு வேணும்.”

“என் ஆளுகன்னா யாரு சாரே? மண்டியில ஏழு பேரு. அதுல ரெண்டு பேரு என் பேச்சைக் கேக்கமாட்டான்.”

“தமிழர்மார் முழுவனும் உங்கள் ஆளல்லே?”

பிச்சையா யோசித்தார். தன்னிடம் இல்லாத சரக்குக்கு ஒருவர் வலிய வந்து விலை கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்லிப் பழக்கமில்லாத தொழில் அவருடையது. “ஓட்டு நான் தரமாட்டேன். ஆனா ஓட்டுக் கேக்குற பாஷையைத் தருவேன்” என்று மேஜைப் பக்கம் கையைக் காட்டினார். “நம்ம கோமதிநாயகத்தைக் காலம்பற அனுப்புதேன். மாசம் பதினஞ்சு குடுத்திருங்க.”

கணக்கு மேஜை முன் இருந்த கோமதிநாயகத்தை இரண்டு பேரும் கேட்கவில்லை.

* எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். மூன்று நான்கு பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் கதை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

3

பாடம் வக்கீலின் முன்னறையில் நடந்தது. வக்கீல் வேலப்பன் கெட்டவர் இல்லை. (கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.) காப்பியை முதலில் வாத்தியாருக்குத்தான் கொடுக்கச் சொல்வார்.

“கேட்டால் எனிக்கு மனசிலாகும் பிள்ளே. பேசினால் அவர் சிரிக்கும், அதாணு சங்கடம்.”

“சிரிக்கட்டும் சாரே. சிரிச்சவன் ஓட்டுப் போடுவான்.”

“சிரிச்சிட்டு மற்றவனுக்குப் போட்டாலோ?”

கோமதிநாயகம் பாடத்துக்குத் திரும்பினார். “வயசுல மூத்தவனை அண்ணாச்சிங்கணும். தண்ணி குடுத்தா ரெண்டு வாயாவது குடிச்சிரணும். பிள்ளைகளைப் பாத்து அழகா இருக்குன்னு சொல்லிராதீங்க, கண்ணு படும்பாக. பேரைக் கேளுங்க, அது போதும்.”

“பேர் கேட்கணும். செரி.”

“படி இறங்கும்போது ‘போறேன்’னு மட்டும் வாயில வரக்கூடாது. ‘போயிட்டு வாறேன்.’”

“போயிட்டு வாறேன். எப்போழும்?”

“எப்பவும். எந்த வீட்டிலயும்.”

(‘எந்த வீட்டிலயும்’ என்பதை அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். அடித்தால் கோமதிநாயகம் தப்பித்துவிடுவார். விட்டுவைத்திருக்கிறேன்.)

வக்கீலுக்கு அந்த ஒரு வாக்கியம் அழகாக வந்தது. ‘ற’ மலையாளத்திலும் இருப்பதால் இருக்கலாம். காரில் ஏறும்போதும் கண்ணாடி முன் நிற்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்வார். வீட்டு வேலைக்காரியிடம் ஒருநாள் சொல்லிவிட்டார். அவள் பயந்துபோனாள்.

4

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. ‘நம் மொழி பேசுகிற நம் ஆள்’ என்று ஒருவரை எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவர் சாலையில் மேடை போட்டு இரண்டு மணி நேரம் முழங்கினார். சுத்தமான தமிழ். சுமைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நின்று கேட்டார்கள்.

“என்ன சொன்னாரு?” என்று சுமைக்காரர்களின் தலைவன் திரவியத்திடம் கோமதிநாயகம் கேட்டார்.

“நல்லா சொன்னாரு அண்ணாச்சி. நம்மளைப் பத்தித்தான் சொன்னாருன்னு நினைக்கேன். கைதட்டும்போது எல்லாரும் தட்டினோம்.”

“சந்துக்குள்ள வந்தாரா?”

“வாசல் வரைக்கும் வந்தாரு. மூக்கைப் பொத்துனாரு. மாலையைக் கழத்தி என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. மாலையை வச்சு நான் என்ன செய்ய? ஆட்டுக்குப் போட்டேன்.”

உமிக்கிடங்குச் சந்து மண்டிகளின் பின்பக்கம். சாலை முழுக்கக் குழாய்த் தண்ணீர் வந்து வருஷங்களாகியும், குழாய் சந்தின் வாசலோடு நின்றிருந்தது. உள்ளே ஒரே கிணறு, பக்கத்தில் சாக்கடை. திரவியமும் அவன் பெண்டாட்டி பொன்னம்மையும் அங்கேதான் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்து வயது. அம்மிணி என்று பெயர் வைத்தது பக்கத்துவீட்டு மலையாளத்து அக்கச்சி. அடுத்தவன் தொட்டிலில்.

(தொட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. அவர்கள் வைத்திருப்பார்கள், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் பிறகு என்னால் சில வாக்கியங்களை எழுத முடியாது. சின்னவன் என்றே இருக்கட்டும்.)

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சந்தில் வாந்திபேதி கண்டது. அம்மிணி ஒரு பகல் ஒரு இரவில் போய்விட்டாள்.

இதுதான் நான் சொன்ன ஈரம்.

5

மறுநாள் காலைப் பாடத்தில் கோமதிநாயகம் சொன்னார்: “சாரே, இன்னைக்கு ஓட்டுக் கேக்கப் போகாண்டாம். ஒரு துட்டி வீட்டுக்குப் போகணும்.”

சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். அவர் மனதில் அந்த நேரம் இரண்டு எண்ணம் இருந்தது. ஒன்று, திரவியம் தெரிந்தவன். பெரிய மனிதர் ஒருவர் வந்தால் அவனுக்கு ஆறுதல். இரண்டு, சந்து முழுக்கத் திரவியத்தின் பேச்சைக் கேட்கும். எந்த எண்ணம் முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாது. இரண்டையும் எதிர்த் தட்டுகளில் வைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

காரில் வக்கீல் கேட்டார்: “குழந்தையுடே பேர் எந்தா?”

“அம்மிணி.”

“எந்து பறயணும்?”

“ஒண்ணும் பேசாண்டாம். ஆம்பளைகள்ட்ட கையை நீட்டுங்க, தொடுவாக. பேசித்தான் ஆகணும்னா, ‘அம்மிணி எங்க வீட்டுப் பிள்ளை’ன்னு ஒரு வார்த்தை.”

“அம்மிணி எங்க வீட்டுப் பிள்ளை” என்று வக்கீல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அந்த வாரத்தில் அது அவருக்கு எத்தனையாவது வீடோ.

சந்துக்குள் அவர் வந்தபோது யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் சொல்லமாட்டார்கள். வக்கீல் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெற்றுச் சாக்கில் உட்கார்ந்தார். கை நீட்டினார். அம்மிணி எங்க வீட்டுப் பிள்ளை என்றார். சொல்லும்போது குரல் நிஜமாகவே கம்மிற்று. நேற்றிலிருந்து கல்லாக இருந்த பொன்னம்மை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கொடுத்த தண்ணீரை, அந்தக் கிணற்றுத் தண்ணீரை, வக்கீல் இரண்டு வாய் குடித்தார். அந்தத் துணிச்சலுக்கு நான் மரியாதை தருகிறேன். “இந்தச் சந்துக்குக் குழாய் வரும். நான் கொண்டுவரும்” என்றார். கிழவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு வக்கீல் எழுந்தார். படி இறங்கினார். திரும்பினார். பொன்னம்மையைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி, கண்ணாடி முன் பழகிய அந்தச் சிரிப்போடு, தன் வாழ்நாளில் பேசிய தமிழிலேயே சுத்தமான தமிழில் சொன்னார்:

“போயிட்டு வாறேன், அக்கா.”

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகவேண்டும். ‘வாறேன்’ என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். ஒரு கிழவி தரையில் துப்பினாள். பொன்னம்மை அழுகையை நிறுத்திவிட்டுத் தொட்டிலில் கையை விட்டாள். சின்னவனை எடுத்து, முந்தானையால் அவன் தலையை மூடி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

(இந்த இடத்தை ஆறு தடவை எழுதினேன். வக்கீலுக்கு வழக்கம் தெரியாது, பாவம், வேற்று மொழிக்காரர் என்று ஒரு வாக்கியம் முதல் ஐந்து தடவையும் இருந்தது. ஆறாவது தடவை எடுத்துவிட்டேன். அது பொய். மலையாளத்திலும் இதே வழக்கம்தான்; அங்கேயும் சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு இறங்கமாட்டார்கள். தன் உறவுக்காரர் வீட்டில் அவர் இதைச் செய்திருக்கவே மாட்டார். தமிழில் பேசும்போது மட்டும் அவருக்கு அது சாவு வீடாக இல்லை. பாடம் ஒப்பிக்கிற இடமாக இருந்தது. கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார்.)

6

கார் போனதும் திரவியம் கோமதிநாயகத்தின் கையைப் பிடித்தான்.

“யாரு அண்ணாச்சி அவருக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக்குடுத்தது?”

“குழாயோட வாறேன்னு சொன்னாரு, திரவியம். வேற ஒண்ணுமில்லை. குழாயைத் திறக்க வருவேன்னு சொன்னாரு.”

வாயில் வந்த முதல் பொய். நல்ல பொய்யும்கூட, சந்து அதை வாங்கிக்கொண்டது. ஓட்டும் வக்கீலுக்கே விழுந்தது. ஏன் என்று திரவியத்தைக் கேட்டதற்கு, “மத்தவன் ஒழுங்காப் பேசிட்டு வெளியவே நின்னான். இவன் கோணலாப் பேசினாலும் உள்ள வந்தான்லா” என்றானாம். வக்கீல் ஜெயித்தார். சந்தின் முப்பத்தெட்டு ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார் என்று பிறகு தெரிந்தது. அதை யாரும் சந்துக்குச் சொல்லவில்லை.

ஆனால் பொன்னம்மை பொய்யை வாங்கவில்லை.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. சாலையில் காய்கறி பேரம் பேசுகிற பெண், ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பயப்படுவாளா? மூடநம்பிக்கைக்காரியாக அவளை எழுதிவிட்டு நான் மட்டும் புத்திசாலியாக நிற்கப் பார்க்கிறேனா? ஆகவே கோமதிநாயகத்தை அவளிடம் அனுப்பினேன். கேட்டு வரட்டும் என்று. சித்திரை வெயில். அவள் கிணற்றடியில் சாம்பலைப் போட்டுப் பானை துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரைக் கூட்டியாந்துராதீங்க அண்ணாச்சி” என்றாள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. “குழாய் மட்டும் வரட்டும். அவரு வரக்கூடாது.”

“நீ நிசமாவே அதை நம்புதியா தாயி?”

பானையைக் கவிழ்த்து வைத்தாள். “நம்புதனா இல்லையான்னு எனக்கே தெரியாது. நம்பாமக்கூட இருக்கலாம். ஆனா பந்தயம் கட்டிப் பாக்க என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு.”

நான் என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

“ஆனா அவரு நல்லவருதான்” என்றாள் அவளே மறுபடி. “என் பிள்ள பேரைச் சொல்லி எங்க வீட்டுப் பிள்ளைன்னாரே. எந்தப் பெரிய மனுசன் சொன்னான்? ராத்திரி அதை நெனச்சுக்கிட்டுத்தான் தூங்குதேன்.”

7

இடவப்பாதி மழைக்கு, வைகாசி நடுவில் இறங்குகிற மழைக்கு, இன்னும் மூன்று வாரம். மழை வந்தால் சாக்கடை கிணற்றில் இறங்கும். சின்னவனுக்கு ஏற்கெனவே இரண்டு நாளாக வயிறு சரியில்லை. பொன்னம்மை சொன்னதைச் சொல்லிக் குழாய் கேட்கக் கோமதிநாயகம் வக்கீல் வீட்டுக்குப் போனார். பாடம் நின்றுபோயிருந்தது, காப்பி மட்டும் வந்தது.

“எனிக்கு ஆசையில்லையா பிள்ளே? நாளைக்கே குழாய் இடும்” என்றார் வக்கீல். “பக்ஷே அவிடத்து ஆள்களே நான் வரண்டா என்னு சொல்லி அனுப்பியிருக்கு. உங்கள் ஆசாரம். நான் அதை மானிக்கண்டே?”

“நீங்க வராம குழாய் மட்டும் போட்டாப் போதும் சாரே.”

வக்கீல் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. “குழாய் கேட்டு வேறே ஆறு தெரு நிற்குது. அவிடேயானால் நான் போகலாம், பந்தல் போடலாம், நாலு பேரிடம் பேசலாம். திறக்க ஆள் வராத குழாயை நான் கட்சியில் எந்து பறஞ்சு வாங்கும்? நீங்களே கணக்குக்காரன் அல்லே.”

கணக்குக்காரருக்குப் புரிந்தது. சிறுபான்மையின் வழக்கத்தை மதிப்பதற்குக் குழாயைவிடச் செலவு குறைவு.

திரும்பி நடக்கும்போது ஒரே ஒரு வழிதான் அவருக்குத் தெரிந்தது. பொன்னம்மையிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும். ‘அந்த வார்த்தை அவருடையது இல்லை தாயி, நான் பழக்கினது, அர்த்தம் தெரியாத கிளி சொன்னது போல. அது பலிக்காது. அவர் வரட்டும், பந்தல் போடட்டும், குழாய் வரட்டும்.’ அவள் நம்பக்கூடும். அவள் நியாயமுள்ளவள்.

ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகிவிடும். ‘அம்மிணி எங்க வீட்டுப் பிள்ளை’யும் அவர் பழக்கியதுதான். காரில். இரண்டு தடவை.

சந்தின் வாசலில் கோமதிநாயகம் நிற்கிறார். சட்டையில் வியர்வை. உள்ளே சின்னவன் அழுகிற சத்தம், பலமில்லாத சத்தம், கேட்கிறது. அவர் வலது காலை

8

வைக்கவில்லை. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு முடிவு: அவர் சொல்லிவிடுகிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். “சரி அண்ணாச்சி, வரச்சொல்லுங்க” என்கிறாள். குழாய் வருகிறது. சின்னவன் தேறுகிறான். அதற்குப் பிறகு அவள் ராத்திரியில் தூங்குவதில்லை. சாலையில் எதிரே வந்தால் கோமதிநாயகத்தை அண்ணாச்சி என்று கூப்பிடுவதுமில்லை.

இன்னொரு முடிவு: அவர் சொல்லாமல் திரும்பிவிடுகிறார். மழை வருகிறது. பதினைந்து நாளில் வக்கீல் வேலப்பன் சந்துக்குத் துட்டி கேட்க வருகிறார், சொன்ன வார்த்தை மாறாமல். இந்தத் தடவை சொல்லிக்கொள்ளாமல் போகிறார். பாடம் தேறிவிட்டது.

(மலிவான முடிவு. ஆனால் தரகரிடம் நான் வாங்கிய சாக்கின் ஈரம் அம்மிணியோடு நின்றதா, தொட்டில் வரை போனதா என்று நான் கேட்கவேயில்லை.)

மூன்றாவதும் ஒன்று உண்டு. எழுதுகிறவனுக்குக் குழாய் போடுவது என்ன பெரிய காரியம்? கட்சி வேண்டாம், பந்தல் வேண்டாம். ஒரு வரி போதும். இதோ:

மறுநாள் காலை உமிக்கிடங்குச் சந்தில் குழாய் வந்திருந்தது.

வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வக்கீல் கொடுத்த வாக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

9

நான் எழுந்து போகவேண்டிய நேரம். இது துட்டி வீடு என்றால் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். பிள்ளை பிழைத்த வீடு என்றால் ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் மரியாதையில்லை. எதைச் செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டில் ஆடுகிறதா என்பது நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தெரியாது. கோமதிநாயகம் வெளியே நிற்கிறார். உள்ளே எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் பார்த்துச் சொல்லுகிறவரைக்கும், மண்டியில் வளர்ந்த பழக்கம், கணக்கை எடுத்து வைத்துவிடுகிறேன்.

வக்கீல் வேலப்பன்: வரவு, ஓட்டு முப்பத்தெட்டு. கொடுத்தது, தண்ணீர் குடித்த இரண்டு வாய். பாக்கி, குழாய் ஒன்று.

கோமதிநாயகம்: வரவு, ஒரு மாதச் சம்பளம் ரூபாய் பதினைந்து, காப்பி நீங்கலாக. கொடுத்தது, இரண்டு வாக்கியம். பாக்கி, ஓர் உண்மை.

பொன்னம்மை: கொடுத்தது, அம்மிணி. வரவு, ராத்திரித் தூக்கம், அதுவும் நிச்சயமில்லை.

எழுதியவன்: வரவு, கதை ஒன்று. கொடுத்தது, இல்லை.

சின்னவன் பேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். தலைப்பில் எழுதப் பெயர் தெரியவில்லை. பக்கம் வெறுமையாக இருக்கிறது.